பெல்ட் வண்டியில் இருந்தது

கொஞ்சம் நீளமான பதிவு. இந்தக் கோடையில் வீட்டில் ஏசி மாட்டும் யோசனை இருப்பவர்கள் மட்டுமாவது கடைசிவரை படித்துவிடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் படகுகள் கட்டிக் கிடக்கும். அதே 61 நாள்தான் ஏசி மாட்டுகிறவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத காலம். மயிலாப்பூர், மந்தைவெளி, தி.நகர், அடையாறு என்று எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு குட்டி யானை நின்றுகொண்டிருக்கும். பின்னால் அட்டைப் பெட்டிகள், சுருட்டிய செம்புக் குழாய், மேலே ஒரு ஏணி.

நாம் அந்த ஏசி எத்தனை ஸ்டார், எத்தனை யூனிட் இழுக்கும் என்றெல்லாம் விசாரிப்போம். வந்திருக்கும் வண்டிக்குள் எட்டிப் பார்க்க மாட்டோம். பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவு.

நொச்சிக்குப்பத்தைத் தெரியாதவர்களுக்கு: கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் பக்கம் போகும் லூப் ரோட்டில் இருக்கிற மீனவர் குப்பம். 2024 ஆகஸ்டில் அந்தச் சாலையில் புது மீன் அங்காடி திறந்தார்களே, அதை ஒட்டிய பகுதி. நான் வேலை பார்த்த பள்ளிக்கு அங்கிருந்து நிறையப் பிள்ளைகள் வருவார்கள். இன்று அவர்களில் பலர் கடலுக்குப் போவதில்லை. ஓட்டுநராக, எலக்ட்ரீஷியனாக, ஏசி மெக்கானிக்காக இருக்கிறார்கள். சுனாமியைப் பார்த்த தலைமுறை. "கடல் வேணாம்டா, கரையில ஏதாவது கத்துக்க" என்று சொல்லித்தான் பல வீடுகளில் பிள்ளைகளை வளர்த்தார்கள்.

கரையிலும் ஆபத்து இருக்கிறது என்பதை மூன்று வருடத்துக்கு முன் ஒரு பையன் விழுந்தபோது அந்தக் குப்பம் தெரிந்துகொண்டது.

22 வயது. ஒரு காண்ட்ராக்டரிடம் ஹெல்பராக இருந்தான். அடுக்குமாடி வீடு ஒன்றில் இரண்டாவது மாடி சன்ஷேடில் நின்று அவுட்டோர் யூனிட்டுக்கு ஸ்டாண்டு அடித்துக்கொண்டிருந்தான். கால் வழுக்கியது. கீழே கார் ஷெட்டின் தகரக் கூரை இருந்ததால் உயிர் பிழைத்தான். இடுப்பெலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "ஏம்பா, சேஃப்டி பெல்ட் கொடுக்கலையா?"

கொடுத்திருந்தார்கள். பெல்ட் வண்டியில் இருந்தது. நாலு இரும்பு ஸ்டாண்டு, இரண்டு அட்டைப் பெட்டி, ஒரு மூட்டை பைப் இன்சுலேஷன், அதற்கெல்லாம் அடியில் இருந்தது. அன்றைக்கு அது நாலாவது வீடு. இன்னும் இரண்டு பாக்கி. பெல்ட்டை எடுக்க வேண்டுமானால் வண்டியில் பாதியை நடுத்தெருவில் இறக்க வேண்டும். பின்னால் கார்க்காரர் ஹாரன் அடிக்கிறார். "அஞ்சு நிமிஷ வேலைதானே" என்று ஏறிவிட்டான்.

அவன் அலட்சியக்காரன் என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெயிலில், அவசரத்தில், வீட்டுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுக் கூலி வாங்குகிற எவனும் அடியில் கிடப்பதை எடுக்க மாட்டான். நானும் எடுக்க மாட்டேன், நீங்களும்தான். ஆகவே அந்தப் பையன் விழுவது, காலையில் வண்டியில் சாமான் ஏற்றும்போதே பாதி முடிவாகிவிட்டது.

அவனோடு அதே காண்ட்ராக்டரிடம் வேலை பார்த்தவன் என் பழைய மாணவன் ஒருவன். இந்தச் சம்பவத்துக்குப் பிறகு வெளியே வந்து, கடன் வாங்கிப் பழைய டாட்டா ஏஸ் ஒன்றை எடுத்தான். ஒரு நாள் மந்தைவெளி மார்க்கெட்டில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"சார், வண்டி எடுத்துட்டேன் சார். உள்ள எப்படி அடுக்கறதுன்னு ஒரு படம் போட்டுத் தருவீங்களா? நீங்க போர்டுல படம் போட்டா ஸ்கேல் வெச்ச மாதிரி இருக்குமே."

நான் இயற்பியல் வாத்தியார். ஏசி மாட்டத் தெரியாது. படம் போடத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குப் போனேன். மூன்று ஞாயிறு ஆயிற்று.

முதலில் அளவு. 2005-இல் டாட்டா ஏஸ் வந்தபோது சிறு வியாபாரிகளுக்கு அது பெரிய விடுதலை. மூன்று சக்கர வண்டிக்கும் லாரிக்கும் நடுவில் ஒன்று. இந்திக்காரர்கள் சோட்டா ஹாத்தி என்றார்கள், நாம் குட்டி யானை ஆக்கிவிட்டோம். பின்தட்டு சுமார் ஏழடி நீளம், ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைந்த அகலம். ஏற்றக்கூடிய எடை ஏறத்தாழ முக்கால் டன். அமெரிக்காவில் இதே வேலைக்கு ஆள் நிமிர்ந்து நிற்கக்கூடிய பெரிய வேன்களை வைத்து, உள்ளே இரண்டு பக்கமும் அலமாரி அடித்திருப்பார்கள். அந்த வண்டி நம் மாடவீதிச் சந்துகளில் திரும்பாது. நமக்கு இந்த ஏழடிதான்.

இந்த முக்கால் டன்னைக் கேட்டுவிட்டு என் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சந்தேகம் கேட்டார். "முக்கால் டன் வண்டியில ஒன்றரை டன் ஏசியை எப்படி சார் ஏத்துவான்?" சிரிக்காதீர்கள், நல்ல கேள்வி. ஏசியின் டன் எடை அல்ல. மின்சாரக் குளிர்பதனம் வருவதற்கு முன் குளிர்ச்சி என்றாலே ஐஸ்தான். ஒரு டன் (அமெரிக்க டன், சுமார் 907 கிலோ) ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அதுதான் ஒரு டன் குளிர்ச்சி. மணிக்கு 12,000 பி.டி.யூ. அதாவது உங்கள் ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஒரு நாள் ஓடினால், 1,360 கிலோ ஐஸ் உருகி உறிஞ்சும் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. நொச்சிக்குப்பத்திலிருந்து மெரினா வழியாக வடக்கே கொஞ்ச தூரம் போனால் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். அமெரிக்க வியாபாரி ஃபிரடெரிக் டியூடரின் ஆட்கள் 1842-இல் கட்டியது. நியூ இங்கிலாந்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து அங்கே சேமித்தார்கள். குளிர்ச்சியை எடை போட்டு விற்ற காலத்தின் மிச்சம்தான் அந்த டன். உண்மையில் ஒன்றரை டன் ஏசியின் அவுட்டோர் யூனிட் 30 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். அந்த 30 கிலோவைத் தூக்கிக்கொண்டு சன்ஷேடில் நிற்பதுதான் பாரம்.

வண்டிக்கு வருகிறேன்.

மாணவனின் அப்பா பழைய கட்டுமரக்காரர். பிறகு ஃபைபர் படகு. நாங்கள் காகிதத்தில் கோடு போடுவதை அங்கேயே உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது ஞாயிறு வாயைத் திறந்தார்.

"வாத்தியாரே, போட்டுல எதுவும் தேடுற எடத்துல இருக்கக் கூடாது. வலை ஓடும்போது கயிறு காலைச் சுத்திக்கிச்சுன்னு வெச்சுக்க, கத்தியத் தேடினு இருந்தா ஆளு போயிடுவான். கத்தி எங்க இருக்குன்னு கண்ணுக்குத் தெரிய வேணாம், கைக்குத் தெரியணும்."

நான் போட்ட படத்தைக் கிழித்துவிட்டு மறுபடி போட்டோம். முதல் படத்தில் எது எங்கே கொள்ளும் என்று பார்த்திருந்தோம். இரண்டாவதில் எது முதலில் கைக்கு வர வேண்டும் என்று பார்த்தோம். சேர்ந்து செய்ததைச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படும்.

பெல்ட்டும் ஏணியும்: வண்டியின் பின்கதவுக்கு உள்பக்கம் இரண்டு கொக்கி. அதில் இரண்டு முழு உடம்பு சேஃப்டி பெல்ட், கூடவே கயிறு. ஏணி அதற்குப் பின்னால், உள்ளே. பெல்ட்டைக் கையில் எடுக்காமல் ஏணியை வெளியே இழுக்க முடியாது. இதற்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லை. முன்பு போடப்படாமல் இருந்த அதே பெல்ட்தான். இப்போது எடுத்தவன் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வான், மாட்டிக்கொள்கிறான்.

ஐந்து பெட்டிகள்: இரும்பு அலமாரி அடிக்கலாம் என்று நான் சொன்னேன். "உப்புக் காத்து சார், ரெண்டு வருஷத்துல தின்னுடும்" என்றார்கள். கடலிலிருந்து நூறடியில் நிற்கிற வண்டி. கடைசியில் மீன் வைக்கிற பிளாஸ்டிக் பெட்டிகளே போதும் என்று முடிவானது. துருப்பிடிக்காது, அடியில் ஓட்டை இருப்பதால் தண்ணீர் தேங்காது, குழாயடியில் வைத்துக் கழுவலாம். மரைன் பிளைவுட்டும் அலுமினிய ஆங்கிளும் வைத்து அவை உட்காரத் தட்டு. ஆளுக்கொரு நிறமாகப் பெட்டி. வேலை நடக்கும் வரிசையே பெட்டிகளின் வரிசை: முதல் பெட்டியில் சுவரில் ஓட்டை போடும் மெஷின், பிட்டு, உளி, ரசமட்டம். இரண்டாவதில் குழாய் வெட்டி, வளைக்கும் ஸ்பிரிங், ஃபிளேர் டூல். மூன்றாவதில் கேஸ் சாமான்கள். நான்காவதில் டெஸ்டர், கிளாம்ப் மீட்டர், வயர், டேப். ஐந்தாவதில் பழைய போர்வை, துடைப்பம், முறம். ஒரு வகுப்புக்குப் பாடக்குறிப்பு எழுதுவது போலத்தான். வீட்டுக்குள் போகும்போது ஒரு பெட்டி போகும், முடிந்ததும் அது திரும்பி வரும், அடுத்தது போகும்.

மூன்றாவது பெட்டியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதில் வாக்குவம் பம்ப் இருக்கிறது. குழாயை மாட்டியபின் உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பது அதன் வேலை. அழுத்தம் குறையக் குறையத் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையும் குறையும் என்று ஒன்பதாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருப்போம். மலை மேல் சோறு வேக நேரமாகும் என்ற அதே பாடம். பம்ப் ஓடும்போது குழாய்க்குள் அழுத்தம் எவ்வளவு இறங்குகிறதென்றால், அறை வெப்பத்திலேயே ஈரம் கொதித்து ஆவியாகி வெளியே வந்துவிடுகிறது. இதற்கு இருபது முப்பது நிமிடம் ஆகும். செய்யாவிட்டால் அந்த ஈரம் உள்ளேயே தங்கி, எண்ணெயைக் கெடுத்து, கம்ப்ரஸரின் ஆயுளைக் குறைக்கும். சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? ஆனாலும் பல இடங்களில் கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டு, "காத்து போயிடுச்சு" என்று மூடிவிடுகிறார்கள். காரணம் கேட்டால் நேரமில்லை என்பார்கள். நேரம் மட்டும் காரணமில்லை. பம்ப் பத்துக் கிலோவை ஒட்டிய எடை, வண்டியின் மூலையில் கிடக்கிறது, அதன் ஹோஸ் இன்னொரு மூலையில். கேஜ், ஹோஸ், பம்ப் மூன்றும் ஒரே பெட்டியில் இருந்தால் அதைச் செய்யாமல் விடச் சோம்பலுக்குக் காரணம் கிடைக்காது. பெல்ட் கதைதான் இதுவும்.

உருளைகள்: பழைய ஏசிகளில் இருந்த ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுக்கும் வகை. 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தைத் தொடர்ந்து உலகம் அதைக் கைவிட்டு வருகிறது. அதன் பிறகு ஆர்-410ஏ. இப்போது கடைகளில் பெரும்பாலும் ஆர்-32. இதன் புவி வெப்பமாக்கும் திறன் 675, ஆர்-410ஏ-க்கு 2,088. நல்ல விஷயம். ஆனால் ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது. அதனால் உருளை படுத்துக் கிடந்து உருளக் கூடாது. வால்வு மேலே இருக்க நிமிர்த்தி, பெல்ட் போட்டுக் கட்டி, காற்றோட்டமான மூலையில், வெயில் படாமல் வைக்க வேண்டும். ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் மூடிய இடத்தில் கூடாது. கசிவு பார்க்க நைட்ரஜன் உருளை தனி. சாம்பல் உடம்பு, கறுப்புக் கழுத்து. கறுப்பு உடம்பு என்றால் ஆக்சிஜன். பற்றவைக்க எடுத்துவந்த ஆக்சிஜனைக் குழாய்க்குள் அழுத்தத்தோடு செலுத்தினால் கம்ப்ரஸர் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். ஆகவே இரண்டும் அடுத்தடுத்து நிற்கக் கூடாது. வண்டியின் எதிரெதிர்ப் பக்கம். இருட்டில், அவசரத்தில் கை தவறாமல் இருக்க அதுதான் வழி.

எடை: அவுட்டோர் யூனிட்டுகள் நிமிர்ந்தபடி, கீழ்த்தட்டில், அச்சுக்கு மேலே. இண்டோர் யூனிட்டுகள் அவற்றின் மேல். ஸ்டாண்டுகள் ஓரத்தில் செங்குத்தாக. கனமானதை மேலே ஏற்றினால் அடையாறு பாலத்துத் திருப்பத்தில் புவியீர்ப்பு மையம் தன் பாடத்தை நடத்திவிடும். செம்புக் குழாய்ச் சுருள்களின் இரண்டு வாயிலும் மூடி. இல்லையென்றால் லூப் ரோட்டு மணலும் உப்பும் உள்ளே போய், வாடிக்கையாளர் வீட்டு ஏசிக்குள் குடியேறும்.

வருகைப் பதிவேடு: இது மட்டும் என் யோசனை. பிளைவுட்டில் ஒவ்வொரு கருவியும் இருக்கும் இடத்தில் அதன் உருவத்தை வெள்ளைப் பெயின்டில் வரைந்துவிட வேண்டும். சாயங்காலம் காலியாகத் தெரிகிற உருவம்தான் ஆப்சென்ட். ஜப்பான் தொழிற்சாலைகளில் இப்படி ஒரு வழக்கம் உண்டு. எங்கள் ஆய்வகத்தில் சோதனைக் குழாய்களுக்கு நானே செய்திருக்கிறேன்.

அந்த உருவங்களை வரைந்தது யார் தெரியுமா? விழுந்த பையன். இப்போது அவனால் ஏற முடியாது. மழைக்காலத்தில் கொஞ்சம் சாய்ந்துதான் நடக்கிறான். வண்டி அவன் பொறுப்பு. காலையில் எந்த வீட்டுக்கு எது என்று பார்த்து ஏற்றுவது, வீட்டு வாசலில் பெட்டிகளை எடுத்துக் கொடுப்பது, சாயங்காலம் எண்ணுவது எல்லாம் அவன்தான். ஏணியை எடுக்க யார் வந்தாலும் முதலில் பெல்ட்டை அவர்கள் கையில் கொடுக்கிறான். ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேசத் தேவையில்லை, பாருங்கள்.

எல்லாம் சேர்த்து, பெல்ட்டும் கருவிகளும் ஏற்கெனவே இருந்தவை போக, 20,000 ரூபாய்க்குள் முடிந்தது. முன்பு ஒரு நாளில் ஒன்றரை மணி நேரமாவது சாமான் தேடுவதிலேயே போகும் என்று என் மாணவன் சொல்வான். அந்த நேரத்தில்தான் இப்போது வாக்குவம் ஓடுகிறது.

வண்டியை அடுக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. பெல்ட் போட்டுக்கொண்டு அதை எங்கே மாட்டுவது? ஜன்னல் கிரில்லில் மாட்டினால் கிரில்லோடு வருவான். பீமிலோ தூணிலோ போல்ட் அடித்து அதில் மாட்ட வேண்டும். "சுவத்துல ஓட்டை போடாதப்பா, இப்பத்தான் பெயின்ட் அடிச்சோம்" என்கிறோம் நாம். வாசல் பக்கம் அழகு கெடுமென்று, கால் வைக்க இடமில்லாத பக்கச் சுவரில் அவுட்டோரைத் தொங்கவிடச் சொல்கிறோம். கட்டடம் கட்டுபவர்களும் ஏசி வருமென்று தெரிந்தே, ஆள் நிற்க ஒரு இடம் விடுவதில்லை. மாட்டியதோடும் முடிவதில்லை. வருடம் இரண்டு முறை சர்வீசுக்கு ஒருவன் அங்கே போய் நின்றாக வேண்டும். மோட்டார் பைக்கில் கழுத்தில் செம்புக் குழாயை மாலையாகப் போட்டுக்கொண்டு வருகிற பையன்களுக்கு அடுக்க வண்டியே இல்லை.

ஆகவே என் வேண்டுகோள் நம்மைப் போன்ற வீட்டுக்காரர்களுக்குத்தான்.

ஒன்று: அவுட்டோர் யூனிட்டை பால்கனியிலோ மொட்டை மாடியிலோ, ஆள் பத்திரமாக நிற்கக்கூடிய இடத்தில் வைக்கச் சம்மதியுங்கள். குழாய் கொஞ்சம் நீளமாகும், கொஞ்சம் பணம் ஆகும். ஆகட்டும்.

இரண்டு: வெளியே ஏற வேண்டிய வேலை என்றால், "பெல்ட் எங்கேப்பா?" என்று கேளுங்கள். "வண்டியில இருக்கு" என்று பதில் வந்தால், எடுத்து வரும்வரை காத்திருங்கள். போல்ட் அடிக்க ஒரு ஓட்டை போடக் கேட்டால் மறுக்காதீர்கள்.

மூன்று: "வாக்குவம் போட்டீங்களா?" என்று கேளுங்கள். அரை மணி நேரம் கூட ஆனால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். அது உங்கள் ஏசிக்குத்தான் நல்லது.

நான்கு: வண்டியை நிறுத்திப் பின்கதவைத் திறக்க இடம் கொடுங்கள். கேட்டுக்கு வெளியே, ஹாரன் சத்தத்துக்கு நடுவே சாமான் இறக்கச் சொன்னால், அடியில் இருப்பது அடியிலேயே இருந்துவிடும்.

ஐந்தாவதாக ஒரு செம்பு மோர். அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் தொழிலில் இருக்கிற தம்பிகள் யாராவது படித்தால், உங்கள் வண்டியில் பெல்ட் எந்த இடத்தில் இருக்கிறது என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். வண்டிப் படம் வேண்டுமென்றால் கேளுங்கள், காகிதத்தில் போட்டு அனுப்புகிறேன். இன்னும் கோடு நேராகத்தான் வருகிறது.